நீர்மேல் நிற்கப் பழகும் ஜேர்மனி: துடுப்புப் பலகையும் எமது பிள்ளைகளும்

ஜேர்மனியின் எந்த நகரத்தில் வாழ்பவராயினும், கோடைகாலத்தில் அண்மையிலுள்ள ஆற்றங்கரைக்கோ ஏரிக்கரைக்கோ சென்றிருந்தால் இக்காட்சி வாசகர்களின் கண்ணிற் பட்டிருக்கும். நீண்டு தட்டையான பலகையொன்றின் மீது மனிதர் நிமிர்ந்து நிற்கின்றனர். கையில் ஆளுயரத்தை விஞ்சிய ஒற்றைத் துடுப்பு. அவசரமின்றி இடமும் வலமுமாக வலித்துச் செல்கின்றனர். தூரத்திலிருந்து நோக்குவோருக்குப் பலகை தெரிவதில்லை. மனிதர் நீரின் மேல் நடந்து போவது போலவே தோன்றும். ஹம்பேர்க் நகரின் அல்ஸ்ரர் ஏரியிலும், பேர்லினின் ஹாவெல் ஆற்றிலும், எசென் நகரை அடுத்த பால்டெனி ஏரியிலும், தெற்கே கீம் ஏரியிலும் போடன் ஏரியிலும் இன்று சர்வசாதாரணமாகக் காணப்படும் இவ்விளையாட்டு, 2000ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் எவரும் அறியாத ஒன்றாகவே இருந்தது.

ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு 'சப்' என்று ஜேர்மனியர் இதனை அழைக்கின்றனர். தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இன்னும் அமையவில்லை. இக்கட்டுரையில் நாம் துடுப்புப் பலகை என்றே வழங்குவோம். சங்க இலக்கியத்தில் நீர்விளையாட்டோடு சேர்த்துப் பேசப்படும் 'புணை' என்ற சொல் இதற்கு இன்னும் பொருத்தமானது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். ஆயினும் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் எடுபடும் சொற்கள் ஏரிக்கரையில் எடுபடுவதில்லை. எமது பிள்ளைகள் 'சப்' என்றே சொல்லிக்கொண்டு போகட்டும்.

அவர்கள் போகிறார்கள் என்பதே இங்கு செய்தி. கொரோனாத் தொற்றுப் பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் விமானப் பயணங்கள் தடைப்பட்டு, மக்கள் விடுமுறையை உள்நாட்டிலேயே கழிக்க நேர்ந்தபோது, இப்பலகைகள் ஜேர்மனி எங்கணும் விற்பனையாகின. உணவுப்பொருள் வாங்கச் செல்லும் அல்டி, லிடில் போன்ற மலிவுக் கடைகளிலேயே துடுப்பு, காற்றுப் பம்பு, முதுகுப்பை எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாக அவை அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவ்வகையில் எம்மவர் இல்லங்களின் நிலவறைகளுக்கும் அவை வந்து சேர்ந்துள்ளன. பாலும் பாணும் வாங்கிய அதே வண்டிலில் வந்திறங்கிய இப்பொருளுடன் சேர்ந்து வராதது ஒன்றுண்டு. அது நீச்சல். அதுபற்றிப் பின்னர் விரிவாகப் பேசுவோம்.

ஹவாயிலிருந்து ஹம்பேர்க் வரை

நின்றுகொண்டு துடுப்பு வலிப்பது மனித குலத்திற்குப் புதியதன்று. எமது கரையோரங்களில் கட்டுமரத்தின் மீது நின்றபடியும் முழந்தாளிட்டபடியும் மீனவர் அலை கடந்தனர். யாழ்ப்பாண நீரேரியின் ஆழங்குறைந்த பகுதிகளில் நீண்ட கம்பை ஊன்றி, நின்ற நிலையிலேயே வள்ளத்தைத் தள்ளிச் செல்வதைக் கண்டு வளர்ந்தவர்கள் இவ்வாசகர்களிடையே பலர் இருப்பர். ஆனால் அது தொழில்; இது விளையாட்டு. இன்றைய விளையாட்டின் ஊற்று ஹவாய்த் தீவுகளே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வைக்கீக்கிக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளுக்கு அலைச்சறுக்கல் கற்பித்த இளைஞர்கள் சிலர், தமது மாணவர்களைக் கண்காணிக்கவும் புகைப்படம் எடுக்கவும் வசதியாகப் பலகையின் மீது நின்று, வள்ளத் துடுப்பால் வலிக்கத் தொடங்கினர். பின்னர் ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்த இவ்வழக்கத்தை 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் மவுயித் தீவைச் சேர்ந்த லயர்ட் ஹமில்ரன், டேவ் கலாமா ஆகிய இரு புகழ்பெற்ற அலைச்சறுக்கல் வீரர்கள் மீளக் கையிலெடுத்தனர். 2000களின் பிற்பாதியில் அது ஐரோப்பாவை வந்தடைந்தது.

அலையே இல்லாத ஜேர்மனியில் அலைச்சறுக்கலின் பிள்ளை எவ்வாறு வேரூன்றியது? இதற்கான விடை அலை தேவையில்லை என்பதிலேயே இருக்கிறது. ஹவாயில் கடலில் பிறந்த விளையாட்டு, இங்கு வந்து நன்னீர் விளையாட்டாக மாறிவிட்டது. இந்நாட்டில் ஆறுகளும், கால்வாய்களும், மணல் அகழ்ந்து நீர் நிறைந்த குழிகளும் எங்கும் உள்ளன. காற்றுமில்லாமல் அலையுமில்லாமல் ஒருவர் முதல்நாளிலேயே நூறு மீற்றர் தூரம் போய்வரலாம். பாய்மரப் பலகை பழக ஒரு கோடை முழுவதும் தேவை. அலைச்சறுக்கலுக்கோ அத்திலாந்திக் கரை வரை பயணம் செய்ய வேண்டும். இதற்கு அரை மணித்தியாலம் போதும். நாற்பதைக் கடந்த இக்கட்டுரையாளரும் மூன்று தடவை நீருள் வீழ்ந்த பின்னர் நிமிர்ந்து நின்றார் என்பதையும் இங்கு பதிவு செய்யலாம்.

மற்றொரு காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. தொடக்ககாலப் பலகைகள் கடின நுரையும் பிசினும் கொண்டு செய்யப்பட்டவை, மூன்று மீற்றருக்கு மேல் நீளமானவை, விலையுயர்ந்தவை. மூன்றாம் மாடியில் இரண்டறை வீட்டில் வாழும் குடும்பம் அத்தகைய பொருளை எங்கே வைப்பது? காற்றடைத்த பலகை இச்சிக்கலைத் தீர்த்தது. மேற்றுணிக்கும் கீழ்த்துணிக்கும் இடையே ஆயிரக்கணக்கான நூலிழைகள் நெருக்கமாகத் தைக்கப்பட்டிருக்கும். காற்றை நிரப்பும்போது சாதாரண மெத்தை போல் உருண்டு வீங்காமல், அந்நூல்கள் இரு பக்கங்களையும் இழுத்துப் பிடித்துப் பலகையைத் தட்டையாகவும் விறைப்பாகவும் வைத்திருக்கின்றன. கார்ச் சில்லிலுள்ள காற்றழுத்தத்தில் ஏறத்தாழ அரைப்பங்கு, அதாவது ஒரு 'பார்' அளவு அழுத்தம் போதும். காற்றை வெளியேற்றிச் சுருட்டினால் பத்துக் கிலோ அளவிலான முதுகுப்பை. புகையிரதத்தில் கொண்டு போகலாம். கார் இல்லாதோருக்கும் ஏரி எட்டும் தூரத்தில் வந்தது இவ்வாறே.

இரண்டு சம்மேளனங்கள், ஒரு பலகை

ஒரு விளையாட்டுப் பரவியதும் அதனை யார் ஆள்வது என்ற கேள்வி எழுவது உலக வழக்கம். சர்வதேச அலைச்சறுக்கல் சம்மேளனம் 2012இல் பெரு நாட்டின் லிமா நகரில் முதலாவது உலகச் சுற்றுப்போட்டியை நடத்தியது. பலகை எமது பிள்ளை என்றது அது. துடுப்பு எமது உடைமை என்றது சர்வதேச வள்ளச் சம்மேளனம். வழக்கு சுவிற்சர்லாந்திலுள்ள விளையாட்டுத்துறை நடுவர் மன்றம் வரை சென்றது. 2020 ஓகஸ்டில் வெளியான தீர்ப்பின்படி, ஒலிம்பிக் மட்டத்தில் இவ்விளையாட்டை நிர்வகிக்கும் உரிமை அலைச்சறுக்கல் சம்மேளனத்திற்குரியது. ஆயினும் வள்ளச் சம்மேளனமும் தனது போட்டிகளை நடத்தலாம். அச்சம்மேளனம் தனது முதல் உலகப் போட்டியை 2019இல் சீனாவின் சிங்தாவ் நகரில் ஏற்கெனவே நடத்தியிருந்தது. பின்னர் 2021இல் ஹங்கேரியின் பலற்றன் ஏரியிலும், 2022இல் போலந்தின் கிடினியாவிலும் நடத்தியது. ஒரே ஊரில் ஒரே நோக்கத்திற்காக இரு சங்கங்கள் இயங்குவதைப் பார்த்துப் பழகிய எம்மவருக்கு இது வியப்பை அளிக்காது. ஒலிம்பிக் நிகழ்ச்சிநிரலிலோ துடுப்புப் பலகை இன்றுவரை இடம்பெறவில்லை. 2019இல் லிமாவில் நடந்த அமெரிக்கக் கண்டத்து விளையாட்டு விழாவில் பதக்கத்திற்குரிய போட்டியாக ஏற்கப்பட்டதே அது எட்டிய உயரம்.

ஜேர்மனியிலும் இதே இரட்டை நிலை நிலவியது. 1914இல் தோற்றுவிக்கப்பட்ட ஜேர்மன் வள்ளச் சங்கம் ஒருபுறம். 1991இல் தோன்றிய ஜேர்மன் அலைச்சறுக்கல் சங்கம் மறுபுறம். இரண்டுமே தேசியச் சம்பியன் பட்டத்திற்கான போட்டிகளை நடத்தியுள்ளன. தமது பிள்ளைகளைப் போட்டிகளில் ஈடுபடுத்த விரும்பும் பெற்றோர், எந்தச் சங்கத்தின் கீழுள்ள கழகத்தில் சேர்கிறோம் என்பதை முதலிலேயே கேட்டறிவது நன்று. நடைமுறையில் வள்ளக் கழகங்களே எண்ணிக்கையில் அதிகம். அவற்றுக்குச் சொந்தமாகக் கரையோரக் கட்டிடமும், பலகைகளும், பயிற்றுனர்களும் உள்ளமை அனுகூலமானது.

போட்டிகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். இருநூறு மீற்றர் விரைவோட்டம் முதலாவது. மிதவைகளைச் சுற்றி வளைந்து செல்லும் நுணுக்க ஓட்டம் இரண்டாவது. இதுவே பார்வையாளருக்குச் சுவையானது. வளைவில் வீரர்கள் பலகையின் பின்முனைக்கு ஓடிச்சென்று முன்முனையை நீரினின்று உயர்த்தித் திருப்புவர், அவ்வேளையிலேயே வீழ்வோரும் உளர். நெடுந்தூர ஓட்டம் மூன்றாவது. போட்டிப் பலகை பொதுவாகப் பதினான்கு அடி நீளமும் மிகக் குறுகிய அகலமும் கொண்டது. அதன் விலை சாதாரண குடும்பத்திற்கு எட்டாதது. எனினும் காற்றடைத்த பலகைகளுக்கெனத் தனிப்பிரிவையும் போட்டிகள் பலவற்றில் ஒதுக்கியுள்ளனர். பொருள்வசதி குறைந்த இளைஞருக்கு இதுவே திறந்துள்ள வாசல்.

ஜேர்மனி இத்துறைக்கு அளித்த பெயர்களுள் முதன்மையானது சொன்னி ஹொன்ஷைட். வடகடலின் சில்ற் தீவைச் சேர்ந்த அலைச்சறுக்கல் முன்னோடி யூர்கன் ஹொன்ஷைட்டின் மகள். ஹவாயின் மொலொக்காய் தீவிலிருந்து ஓவாகு தீவு வரையான சுமார் 52 கிலோமீற்றர் கடலைத் துடுப்புப் பலகையில் கடக்கும் போட்டியில் பெண்கள் பிரிவில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவைகள் வென்றவர். ஐந்து, ஆறு மணித்தியாலங்கள் ஆழ்கடலில் நின்றபடி வலிக்க வேண்டிய போட்டி அது.

நீரில் மூழ்கிய ஆலைகள்

ஜேர்மனியில் நடைபெற்ற போட்டிகளுள் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றேன். 2010களில் ஐரோப்பாவின் முன்னணி வீரர்களை ஈர்த்த 'லொஸ்ற் மில்ஸ்' என்ற நெடுந்தூரப் போட்டி, நூர்ன்பேர்க்கிற்குத் தெற்கேயுள்ள பெரிய புரொம்பாக் ஏரியில் நடந்தது. 'தொலைந்துபோன ஆலைகள்' என்பது அப்பெயரின் பொருள். விளையாட்டுப் போட்டிக்கு இது விசித்திரமான பெயராகத் தோன்றலாம். அதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

பவேரியா மாநிலத்தின் தென்பகுதி நீர்வளம் மிக்கது, வடபகுதி வரட்சியானது. தெற்கிலுள்ள டானியூப், அல்ற்முல் ஆறுகளின் நீரை வடக்கே மைன் ஆற்றுப் படுகைக்குத் திருப்புவதென 1970 யூலையில் மாநிலப் பாராளுமன்றம் தீர்மானித்தது. அதற்கெனக் கட்டப்பட்டவையே இன்று பிராங்கன் ஏரி வலயம் என வழங்கும் செயற்கை நீர்த்தேக்கங்கள். ஆண்டுதோறும் சராசரியாகப் பதினைந்து கோடி கனமீற்றர் நீர் இவ்வாறு வடக்கே செல்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்தவர்களுக்கு இக்கணக்கின் பெறுமதி தெரியும். பெரிய புரொம்பாக் ஏரி 2000ஆம் ஆண்டு யூலையில் முழுமையாகத் திறந்து வைக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 8.7 சதுர கிலோமீற்றர்.

அந்தப் பள்ளத்தாக்கில் புரொம்பாக் ஓடையின் நீரால் தலைமுறை தலைமுறையாகச் சுழன்ற ஆலைகள் பல இருந்தன. மாவரைக்கவும் மரமறுக்கவும் பயன்பட்டவை. குடும்பங்கள் வெளியேறின, கட்டிடங்கள் இடிக்கப்பட்டன, நீர் ஏறியது. விளிம்பில் இருந்த மண்டில்ஸ் ஆலை எஞ்சியது. மற்றவை ஏரியின் அடியிலே போயின. போட்டியாளர்கள் வலித்துச் சென்றது அவற்றின் மேலாகத்தான். ஊரிழந்தோரின் பெயரை உல்லாச விளையாட்டுக்குச் சூட்டுவது முறையா என்று ஒருவர் கேட்கலாம். பெயரையாவது வைத்திருக்கிறார்களே என்று மற்றொருவர் கூறலாம். என்னைப் பொறுத்தவரை இரண்டாமவரின் பக்கமே சாய்கின்றேன்.

இன்னுமொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். அந்த ஏரியிலிருந்து அதிக தூரத்தில் இல்லாத சிறிய நகரம் சிர்ண்டோர்வ். 1980களிலும் 1990களின் நடுப்பகுதி வரையிலும் அகதி விண்ணப்பங்களைத் தீர்மானித்த மத்திய அலுவலகம் அங்கேயே இருந்தது. அப்பெயர் தாங்கிய கடித உறையை நடுங்கும் கையால் பிரித்தவர்கள் எம்முள் எத்தனை பேர்! அக்காலத்தில் அகதி விண்ணப்பதாரி தனக்கு ஒதுக்கப்பட்ட மாவட்ட எல்லையைத் தாண்ட எழுத்து மூல அனுமதி பெற வேண்டும். ஏரி அடுத்த மாவட்டத்தில் இருந்தால், அனுமதியின்றி அதன் கரைக்குப் போவதே சட்டமீறல். ஜேர்மனியின் நீர்நிலைகளோடு முதலாம் தலைமுறைக்கு உறவு ஏற்படாமைக்கு இதுவும் ஒரு காரணம். பெருங்காரணம் வேறு.

நீரும் நாமும்

எமது தலைமுறைக்கு நீர் என்பது விளையாட்டிடம் அன்று. 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தபோது, இருளில் கிளாலி நீரேரியைப் படகில் கடந்தவர்கள் உள்ளனர். கடக்க முடியாமற் போனவர்களும் உள்ளனர். 1996ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் மோல்ற்றாவுக்கும் சிசிலிக்கும் இடையே நெரிசல் மிகுந்த சிறு படகொன்று மூழ்கியபோது, இந்தியா, பாக்கிஸ்தான் நாட்டவரோடு எமது இளைஞர்களுமாக 280 பேருக்கு மேல் மாண்டனர். அப்படி ஒரு விபத்து நடந்ததையே அதிகாரிகள் நீண்டகாலம் ஏற்கவில்லை. 2001இல் இத்தாலியப் பத்திரிகையாளர் ஒருவரின் முயற்சியினாலேயே கடலடியில் சிதைவுகள் கண்டறியப்பட்டன. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. இத்தனைக்கும் பின்னர் ஒரு தாய், 'தண்ணிப் பக்கம் போகாதை' என்று தன் பிள்ளையைத் தடுப்பதில் வியப்பில்லை.

ஜேர்மனியில் எம்மவர் கூட்டமாக நீரில் இறங்கும் நாள் ஒன்றே. ஹம் நகரின் ஊன்ரொப் பகுதியிலுள்ள காமாட்சி அம்பாள் ஆலயத் தீர்த்தத் திருவிழா, அருகேயுள்ள டற்ரெல்ன்–ஹம் கால்வாயில் நடைபெறுகிறது. நிலக்கரியும் சரக்கும் ஏற்றிய கப்பல்களுக்காக வெட்டப்பட்ட 47 கிலோமீற்றர் கால்வாய் அன்று தீர்த்தமாகிறது. ஆண்டில் எஞ்சிய நாட்களில் அதே கால்வாயில் துடுப்பு வலித்துச் செல்வோர் வேறு மக்கள்.

ஆயினும் 'போகாதை' என்ற ஒரு சொல் இங்கு பிறந்த பிள்ளையைத் தடுத்து நிறுத்துவதில்லை. வகுப்புத் தோழர்கள் சனிக்கிழமை ஏரிக்குப் போகின்றனர்; அவனும் போகிறான், அவளும் போகிறாள். வீட்டில் சொல்லாமலும் போவர். நீந்தத் தெரியாது என்று நண்பர்களிடம் சொல்வதற்கு வெட்கம். பலகை அகலமானது, காற்றடைத்தது, மூழ்காது என்ற துணிவு. தடை செய்யப்பட்ட பிள்ளை நீச்சல் கற்காமலே நீரில் இறங்குகிறது என்பதே இதில் உள்ள ஆபத்து. அச்சத்தினால் நாம் விதித்த தடை, நாம் அஞ்சிய இடத்திற்கே பிள்ளையை ஆயத்தமின்றி அனுப்பி வைக்கிறது.

இது கற்பனை அச்சமன்று. 1912 யூலையில் றூகன் தீவின் பின்ஸ் கரையில் இறங்குதுறையொன்று உடைந்து பலர் மூழ்கி இறந்ததன் விளைவாக, அடுத்த ஆண்டு தொடங்கப்பட்டது டி.எல்.ஆர்.ஜி. எனப்படும் ஜேர்மன் உயிர்காப்புச் சங்கம். ஐந்து இலட்சத்திற்கும் அதிகமான உறுப்பினரைக் கொண்ட இச்சங்கத்தின் கணக்கின்படி, 2024இல் இந்நாட்டில் குறைந்தது 411 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கடலில் அல்ல, காவலற்ற ஆறுகளிலும் ஏரிகளிலுமே மாண்டனர். பெருந்தொகையான அகதிகள் வந்துசேர்ந்த காலத்தின் கணக்கு எமக்கு இன்னும் நெருக்கமானது. 2015இல் மூழ்கியோருள் 27 பேர் அகதிகள். 2016இல் அத்தொகை 64ஆக உயர்ந்தது. மத்தியதரைக் கடலைக் கடந்து வந்தவர்கள் கிராமத்து ஏரியொன்றில் மூழ்கிப் போயினர்.

அதே சங்கத்தின் சார்பில் 2022இல் நடத்தப்பட்ட ஆய்வில், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு நீந்தவே தெரியாது எனத் தெரியவந்தது. 2017இல் இது பத்தில் ஒருவராக இருந்தது. கொரோனாக் காலத்தில் நீச்சற் குளங்கள் மூடப்பட்டிருந்தமை இதற்கு ஒரு காரணம். வருமானம் குறைந்த குடும்பங்களில் நிலைமை மேலும் மோசமானது. இக்குடும்பங்களின் பட்டியலில் எம்மவரில் ஒரு பகுதியினரும் அடங்குவர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

'கடற்குதிரை' என்ற பட்டயத்தைப் பிள்ளை வாங்கிவிட்டது, ஆகவே நீந்தத் தெரியும் என்று பெற்றோர் பலர் நிறைவடைகின்றனர். இது தவறான கருத்து. அப்பட்டயத்திற்கு இருபத்தைந்து மீற்றர் நீந்தினாற் போதும், அது தொடக்கமே. வெண்கலப் பட்டயம் பெற்றவரையே உயிர்காப்புச் சங்கம் பாதுகாப்பாக நீந்தக் கூடியவர் என்று ஏற்கிறது. அதற்குப் பதினைந்து நிமிடம் இடைவிடாது நீந்துதல், அதற்குள் குறைந்தது இருநூறு மீற்றரைக் கடத்தல், இரண்டு மீற்றர் ஆழத்திலிருந்து பொருளொன்றை எடுத்து வருதல் முதலியன தேவை. வெண்கலம் இல்லாத பிள்ளைக்குத் துடுப்புப் பலகை வாங்கிக் கொடுக்க வேண்டாம். இது எனது கண்டிப்பான கருத்து. பெரியவர்களுக்கும் இது பொருந்தும். நாற்பது, ஐம்பது வயதில் நீச்சல் கற்போருக்கான வகுப்புகள் நகரக் குளங்களில் உள்ளன, பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கும் குளங்களும் உள்ளன.

பலகையில் ஏறுமுன்

பலகையில் முதலில் முழந்தாளிட்டுச் சிறிது தூரம் வலிக்க வேண்டும். பின்னர் சுமக்கும் கைப்பிடி இருக்கும் நடுப்பகுதியின் இருபுறமும் கால்களை வைத்து எழவேண்டும். பார்வை காலடியில் அல்ல, தூரத்தில் இருக்க வேண்டும். காலைப் பார்ப்பவர் வீழ்வார். துடுப்பின் அலகு முன்னோக்கிச் சரிந்திருக்க வேண்டும். தொடக்கநிலையாளர் பத்துப் பேரில் பாதிப் பேர் அதனை மறுபுறமாகவே பிடிக்கின்றனர். வலிப்பது கையால் அல்ல, இடுப்பையும் முதுகையும் கொண்டு. வீழும்போது பலகையை விட்டு அப்பாலே வீழ்தல் நன்று.

அடுத்தது காற்று. பலகையில் நிற்பவரின் உடலே பாயாகிறது. கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசும் காற்று மிகவும் ஏமாற்றுத் தன்மை வாய்ந்தது. கரையோரத்தில் நீர் அமைதியாகத் தோன்றும். இருநூறு மீற்றர் உள்ளே சென்றபின் திரும்ப முடியாது. ஆகவே புறப்படும்போது காற்றுக்கு எதிராக வலித்துச் செல்ல வேண்டும். களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும். காற்று மிகுந்தால் முழந்தாளிடுக. அப்படியும் இயலாவிடில் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் வலிக்கவும். எக்காரணம் கொண்டும் பலகையை விட்டு நீந்திக் கரையேற முயலக் கூடாது. கையடக்கத் தொலைபேசியை நீர்புகாப் பையில் இட்டு உடலிற் கட்டிக்கொண்டால் 112 இலக்கத்தை அழைக்க முடியும்.

பலகையையும் மனிதரையும் இணைக்கும் கயிறு பற்றிப் பலர் அறிந்திலர். அசையாத ஏரியில் அதனைக் காலிற் கட்டலாம். ஓடும் ஆற்றில் காலிற் கட்டினால் கயிறு மரக்கிளையிலோ தூணிலோ சிக்கும்போது, நீரோட்டம் மனிதரை அழுத்திப் பிடித்துவிடும். குனிந்து காலை எட்ட இயலாது. ஆற்றுக்குச் செல்வோர் இடுப்பிற் கட்டி, ஒரே இழுப்பில் விடுவிக்கக் கூடிய கயிற்றையே பயன்படுத்த வேண்டும். மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் வருவது காற்கயிறு. அணைக்கட்டுகளின் அருகே செல்லவே கூடாது. அவற்றின் கீழே நீர் சுருண்டு சுழன்று, வீழ்ந்தவரைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். நன்றாக நீந்துவோரும் அதிலிருந்து தப்புவது அரிது.

கோல்ன், டூசல்டோர்வ், கிறேவெல்ட், டூயிஸ்பேர்க் நகரங்களில் வாழ்வோர் றைன் நதியைத் தொடக்கநிலையாளருக்குரிய இடமாகக் கருத வேண்டாம். சரக்குக் கப்பல்கள் கடக்கும்போது கரையோர நீர் முதலில் உள்வாங்கிப் பின்னர் அலையாகத் திரும்பும். கப்பல் ஓட்டுனருக்கு முன்னால் நீண்ட தூரத்திற்கு எதுவும் தெரியாது. தெரிந்தாலும் நிறுத்த முடியாது. மிதவைகளின் மீது நீரோட்டம் மனிதரை மோதிச் சிக்கவைக்கும். றூர் வட்டாரத்தில் வாழ்வோருக்குப் பால்டெனி ஏரி ஏற்றது. 1933இல் றூர் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இவ்வேரியில், தொழிற்சாலைக் கழிவுகளின் காரணமாகப் பல தசாப்தங்களாகக் குளிப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. 2017இல்தான் அதன் ஒரு கரைப்பகுதியில் மீண்டும் நீராட அனுமதிக்கப்பட்டது.

வசந்த காலத்து வெய்யிலையும் நம்பவேண்டாம். மே மாதத்தில் காற்று இருபத்தைந்து பாகையாக இருக்கையில் ஏரி நீர் பன்னிரண்டு பாகையாக இருக்கலாம். திடீரென வீழ்பவருக்கு மூச்சு இரைக்கும், கைகால் விறைக்கும். மிதப்பு அங்கியும் இறப்பர் உடையும் அப்போது அவசியம். நாணற் புதர்களுக்குள் பலகையைச் செலுத்துவது பறவைகள் கூடு கட்டும் இடங்களை அழிப்பதாகும், தண்டமும் அறவிடப்படும். அரச நீர்வழிகளில் செல்லும் பலகையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெற்றுப் பலகை மிதந்து வந்தால், மூழ்கியவரைத் தேடி உலங்குவானூர்தி வரை புறப்படும்.

கோவளத்து மீனவப் பிள்ளை

இவ்விளையாட்டு வெள்ளையருக்குரியது என்று எண்ணும் இளைஞருக்கு ஒரு செய்தி. சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம் மீனவக் கிராமத்தைச் சேர்ந்த சேகர் பச்சை, துடுப்புப் பலகையில் இந்தியாவின் தேசியப் போட்டிகளைப் பலமுறை வென்றவர். கர்நாடகக் கரையைச் சேர்ந்த தன்வி ஜெகதீஷ் இத்துறையில் இந்தியாவின் முன்னோடிப் பெண் வீராங்கனை. 2024 மார்ச்சில் மங்களூருக்கு அருகே சசிகித்லு கடற்கரையில் சர்வதேசச் சுற்றின் போட்டியொன்று இந்தியாவில் முதற்தடவையாக நடந்தது. இராமேஸ்வரத்தை அண்டிய பிரப்பன்வலசைக் கரையிலும் இப்பலகைகள் மிதக்கின்றன. பாக்குநீரிணையின் மறுகரையில் இருப்பது எமது மண். கட்டுமரம் ஓட்டியவரின் பேரப்பிள்ளைகளுக்குச் சமநிலை புதிதன்று. அவர்களுள் சிலர் ஜேர்மனியில் வளர்கின்றனர்.

பணம் இல்லை என்பது தடையாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான வள்ளக் கழகங்கள் மே, யூன் மாதங்களில் அறிமுகப் பயிற்சி நடத்துகின்றன. பலகையைக் கழகமே தரும். உதவிப்பணம் பெறும் குடும்பங்களின் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, கல்வியிலும் சமூக வாழ்விலும் பங்கேற்பதற்கான அரச உதவித் திட்டத்தின் கீழ் 2019 ஓகஸ்ட் முதல் மாதந்தோறும் 15 யூரோ, விளையாட்டுக் கழகக் கட்டணம் போன்றவற்றுக்கு வழங்கப்படுகிறது. அகதி விண்ணப்பம் பரிசீலனையில் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளும் இதற்கு உரித்துடையவர்கள். நீச்சல் வகுப்புக்கும் இத்தொகையைப் பயன்படுத்தலாம். விண்ணப்பப் படிவத்தை, உதவிப்பணம் எந்த அலுவலகத்திலிருந்து வருகிறதோ அங்கேயே கேட்டுப் பெறலாம். கழகத்தின் உறுதிக் கடிதம் ஒன்றை அத்துடன் இணைக்க வேண்டும். கோடைகால நீச்சல் வகுப்புகளுக்கான இடங்கள் பெரும்பாலான நகரங்களில் வசந்தம் தொடங்குமுன்னரே நிரம்பி விடுவதால், பெயரைப் பனிக்காலத்திலேயே பதிந்து வைப்பது நல்லது.